கருகமணியில் பொன் எத்தனை கிராம்?

இல்லத்தில் நிக்காஹ் நாள் குறிக்கப்பட்டுவிட்டால், சென்னைவாழ் முஸ்லிம் குடும்பத்தாரின் கால்கள் தாமாகவே தியாகராய நகரை நோக்கித் திரும்புகின்றன. மாம்பலத்து ஏரி இருந்த நிலத்தில் 1920-களில் எழுந்த அந்நகரின் இரு பெரும் நகை வீதிகளாகிய வடக்கு உஸ்மான் சாலையும் தெற்கு உஸ்மான் சாலையும் ஒரு முஸ்லிம் பெருமகனின் பெயரையே தாங்கி நிற்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நீதிக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரும், 1934-ஆம் ஆண்டில் சில திங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்றவருமான சர் முகம்மது உஸ்மானின் பெயர் அது. அவர் பெயரிலமைந்த சாலையில், பனகல் பூங்காவைச் சுற்றி, விளக்கொளியில் மின்னும் பொன்மாளிகைகளுக்குள் நுழையும் நாம், வெளியே வரும்போது எதை வாங்கி வந்தோம் என்று தெளிவாக அறிந்து வருகிறோமா? இதுவே இன்று நாம் ஆராயவேண்டிய வினா.

மஹர் ஐந்து பவுன் என்று மணமகன் வீட்டார் ஒப்புகின்றனர். ஜமாஅத் தஃப்தரில் அவ்வாறே பதிவாகிறது. மணமகன் வீட்டார் 40 கிராம் எடையுள்ள கருகமணி மாலை ஒன்றை வாங்கி வந்து மணமகளுக்கு அணிவிக்கின்றனர். மஹர் நிறைவேறிற்று என்று அனைவரும் மகிழ்கின்றனர். ஆனால் அம்மாலையிலுள்ள கறுப்பு மணிகளும், பதக்கத்தில் பதித்த கற்களும், கற்களின் அடியில் வைத்த அரக்கும் சேர்ந்து நான்கு கிராம் இருப்பின், அப்பெண்ணின் கையில் சேர்ந்த பொன் 36 கிராமே. அரைப் பவுன் குறைகிறது. மஹர் என்பது மணமகன் மனமுவந்து அளிக்கவேண்டிய பெண்ணின் உரிமை என்று திருமறை நான்காம் அத்தியாயத்தின் நான்காம் வசனம் அறிவிக்கிறது. எனவே அந்த அரைப் பவுன், அவளாக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி, கணவன் மீது கடனாகவே நிற்கும். வஞ்சிக்கவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. நிறுக்கும்போது எவரும் கேட்கவில்லை, அவ்வளவே.

மணியும் பொன்னும் கலந்த கழுத்தணி பற்றிய வழக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன்னரே வந்ததுண்டு. கைபர் நாளில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் 12 தீனார் கொடுத்து ஒரு கழுத்தணியை வாங்கினார்கள். அதில் பொன்னும் இருந்தது, மணிகளும் இருந்தன. பின்னர் பிரித்தெடுத்து நிறுத்தபோது பொன் மட்டுமே 12 தீனாரினும் மிகுதியாக இருக்கக் கண்டார்கள். நாயகத்திடம் இச்செய்தியை எடுத்துரைத்தபோது, பொன்னை வேறாகப் பிரித்து அறியாமல் அத்தகைய அணியை விற்கலாகாது என்று பெருமானார் தீர்ப்பளித்தார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இடம்பெற்ற செய்தி இது. இவ்வழக்கில் ஆதாயம் அடைந்தவர் வாங்கியவர். முறையிட வந்தவரும் அவரே! ஆதாயம் தமக்கு வந்தபோதும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஓடிய அத்தோழரின் உள்ளத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்று நாம் பொன் நாணயம் கொடுத்துப் பொன் வாங்கவில்லை. ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். ஆகவே மணிகளைக் கழற்றிய பிறகே வாங்கவேண்டும் என்ற கட்டாயம் அதே வடிவில் எழுவதில்லை என்பர் மார்க்க அறிஞர். எனினும் பொன் எவ்வளவு, பொன் அல்லாதது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும் என்னும் கருத்து இன்றைய இரசீதுக்கும் பொருந்தும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்ற மூன்றும் தனித்தனியே எழுதப்படாத இரசீதைக் கையில் வாங்காதீர்கள்.

எடையைப் போன்றே தரமும் அறியவேண்டியது. தூய பொன்னை 24 பங்காகக் கொண்டு கணக்கிடுவதே காரட் முறை. 22 காரட் என்றால் 24-இல் 22 பங்கு பொன். எஞ்சிய இரு பங்கு செம்பு, வெள்ளி போன்றவை. ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916 பங்கு. கடைக்காரர் வாயில் வரும் '916' இதுதான். 18 காரட் என்பது 750. 14 காரட் என்பது 585. தூய பொன் மென்மையானது; கலப்பின்றி நகை செய்தால் வளையும், தேயும். ஆகவே கலப்பு என்பதே ஏமாற்று அன்று. எவ்வளவு கலந்தது என்பதை மறைப்பதே ஏமாற்று.

நாம் 22 காரட்டையே நகைப்பொன் என்று எண்ணிப் பழகியதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலேயரின் 'சாவரின்' நாணயம் 22 காரட்டில் அடிக்கப்பட்டது, எடை 7.988 கிராம். அதுவே நம் நாவில் சவரன் ஆயிற்று. பவுன் என்று வழங்குவதும் அதனையே. இன்று அதனை 8 கிராமாக முழுமையாக்கிக் கணக்கிடுகிறோம். சீனப் போருக்குப் பின் 1963-ஆம் ஆண்டில் மத்திய அரசு, புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்று கட்டுப்பாடு விதித்தபோது, நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் அல்லலுற்றதை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். அவ்வரம்பு பின்னர் தளர்ந்தது. 1968-இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது. மக்கள் உள்ளமோ 22 காரட்டை விட்டு அகலவே இல்லை.

ஆனால் இப்போது விலையேற்றம் காரணமாக 18 காரட் நகைகளும் கடைகளில் பெருகிவருகின்றன. 2025 ஜூலையில் 9 காரட்டும் முத்திரைக்குரிய தரங்களுள் சேர்க்கப்பட்டது. ஆகவே தஃப்தரில் வெறுமனே 'ஐந்து பவுன்' என்று எழுதுவது இனிப் போதாது. 22 காரட்டில் 40 கிராம் என்றால் அதில் ஏறத்தாழ 36.6 கிராம் தூய பொன் உண்டு. 18 காரட்டில் 40 கிராம் என்றால் 30 கிராமே. ஒரே சொல்லுக்குள் இத்துணை வேறுபாடு! பவுன் என்றால் 22 காரட் என்பதே ஊர் வழக்கு என்று பின்னர் வழக்காடுவதைவிட, காரட்டையும் நிகர எடையையும் நிக்காஹ் வேளையிலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம். ஜமாஅத் நிர்வாகிகள் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

தரத்தை எவ்வாறு அறிவது? மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் பட்டறை வைத்திருந்த பத்தர்கள் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். தேர்ந்த கண்ணுக்கு அது பெரிதும் பொய்க்காது. எனினும் மேற்பூச்சையே அது காணும். உள்ளே இருப்பதை அறிய நம் முன்னோர் வேறு வழியும் கண்டனர். 1121-ஆம் ஆண்டளவில் அல்காஸினீ என்னும் அறிஞர் இயற்றிய 'மீஸானுல் ஹிக்மா', நகையை நீரிலும் காற்றிலும் நிறுத்து, அதனைச் சிதைக்காமலே கலப்பைக் கண்டறியும் துலாக்கோலை விளக்குகிறது. நெருப்பிலிட்டுச் சோதிப்பதோ எல்லாவற்றினும் உறுதியானது: நகையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஈயத்தோடு சேர்த்து உருக்கி, செம்பு முதலியவற்றை நீக்கி, எஞ்சும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இறுதியில் நிற்கும் தூய பொன்னை நிறுப்பது. இன்றும் ஹால்மார்க் நிலையங்களில் இம்முறை கையாளப்படுகிறது. கடையில் நொடிப்பொழுதில் எண் காட்டும் எக்ஸ்-கதிர்ப் பெட்டியும் பெரும்பாலும் மேற்பரப்பையே படிக்கும் என்பதை மறவாதீர்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் ஹால்மார்க் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. இன்று நகையில் மூன்று குறிகளைக் காணவேண்டும்: அமைவனத்தின் முக்கோண முத்திரை, தரத்தைக் குறிக்கும் எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. இறுதியாகச் சொன்ன அக்குறி நகைக்கு நகை வேறுபடும். 2023 ஏப்ரல் முதல் அஃதின்றி முத்திரை நகை விற்கலாகாது என்பது விதி. கைப்பேசியில் 'பிஐஎஸ் கேர்' என்னும் செயலியைத் திறந்து அவ்வாறு இலக்கத்தை இட்டால், எந்தக் கடைக்காக, எந்த நிலையத்தில், என்ன தரமென முத்திரையிடப்பட்டது என்பது தெரியும். வளையலின் குறியை இட்டபோது மோதிரம் என்று வந்தால் வினவுங்கள். இதனைச் செய்யத் தயங்குவோர் பலர். பணத்தை எண்ணிக் கொடுக்கத் தயங்காத நாம் இதற்கு ஏன் தயங்கவேண்டும்?

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கும் கட்டாய முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே சிறு மூக்குத்தியிலோ, தனியே வாங்கிக் கோக்கும் பொன்குண்டுகளிலோ முத்திரை இல்லாதிருக்கலாம். மேலும், முத்திரை தரத்துக்கே சாட்சி. கல்லின் எடைக்கு அது சாட்சியன்று. '916 கேடிஎம்' என்று சிலர் இன்றும் கூறுவர். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பற்றாசைக் குறித்த சொல். பழைய பற்றாசில் செம்பு மிகுந்து தரம் குறைந்ததால் அது புகுந்தது. பற்றவைக்கும்போது எழும் அதன் புகை தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கைவிடப்பட்டது. தரத்திற்கு அது சான்று அன்று.

முத்திரையிட்ட நகையே தரம் குறைந்து காணப்பட்டால்? அமைவனத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள், குறைந்த தரத்துக்கும் விற்ற எடைக்கும் உரிய தொகையைப்போல் இருமடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் வாங்கியவருக்குத் தரவேண்டும் என்கின்றன. அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் அடையாற்றை அடுத்த தரமணியில், சி.ஐ.டி. வளாகத்தில் உள்ளது, செயலி வழியாகவும் முறையிடலாம். இரசீது இல்லையேல் இவ்வுரிமையும் கைகூடாது.

இனி விலை. இலண்டன் சந்தையில் நாளுக்கு இருமுறை பொன்விலை நிர்ணயிக்கப்படுகிறது, 31.1 கிராம் கொண்ட ஓர் அவுன்சுக்கு டாலரில் அது கூறப்படும். டாலருக்கு ரூபாய் மதிப்பு, இறக்குமதித் தீர்வை ஆகியவை அதன்மீது ஏறுகின்றன. 2024 ஜூலையில் இத்தீர்வை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது உள்ளூர் விலை உடனே சரிந்ததை நாம் கண்டோம். இவற்றை நோக்கிச் சென்னை நகை வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் 22 காரட் விலையே கடைப்பலகையில் காணப்படுவது. அது ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் ஒன்றே. கடைக்குக் கடை மாறுவது சேதாரமும் செய்கூலியும் கல் விலையுமே.

கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாலையின் மொத்த எடை 24 கிராம். கல்லும் மணியும் 2 கிராம். நிகரம் 22 கிராம். சேதாரம் 12 விழுக்காடு என்றால் 2.64 கிராம். ஆக 24.64 கிராமுக்கு 2,46,400 ரூபாய். கல்லுக்கு 3,000 ரூபாய் சேர்த்தால் 2,49,400. இதன்மீது 3 விழுக்காடு சரக்கு, சேவை வரி 7,482. முத்திரைக் கட்டணம் சில பத்து ரூபாய்களே. மொத்தம் ஏறத்தாழ 2,57,000 ரூபாய். இதே மாலையில் கல்லைக் கழிக்காமல் 24 கிராமும் பொன்னாகவே கணக்கிடப்பட்டால், பொன்னுக்கு 20,000, அதன் சேதாரத்துக்கு 2,400, வரிக்கு 672 என 23,072 ரூபாய் மிகுதியாகத் தருவோம். கல்லுக்குத் தனியே 3,000 கொடுத்த பின்னும்! விற்கும் நாளில் அந்த இரண்டு கிராமுக்கு எவரும் காசு தருவதில்லை. தரத்திலும் இவ்வாறே: 916 என்று விற்ற 22 கிராம் மாலை உண்மையில் 20 காரட்டாக இருந்தால், இரண்டு கிராம் பொன்னை இழந்ததற்கு ஒப்பாகும்.

சேதாரம் என்ற சொல் குறித்து ஒன்று கூறவேண்டும். கையால் அராவி, இழுத்து, பற்றவைத்துச் செய்த காலத்தில் பொன்துகள் உண்மையாகவே சிந்திற்று. பட்டறைத் தூசியைச் சலித்துப் பொன் எடுப்போரும் இருந்தனர். இன்று இயந்திரத்தில் வெட்டி எடுக்கும் சங்கிலியில் சேதம் மிகச் சொற்பம். சேதாரம் என்ற பெயரில் நாம் கொடுப்பது பெரும்பாலும் வேலைக்கூலியும் கடையின் இலாபமுமே. இலாபம் ஆகுமானதே, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் கூலியைக் கூலி என்று ரூபாயில் எழுதாமல், பொன்விலையோடு தானும் ஏறும் விழுக்காடாக எழுதுவது வாங்குவோருக்குப் பாதகமே என்பது என் கருத்து. பேரம் பேசவேண்டிய இடமும் இதுவே. 'சேதாரம் இல்லை' என்ற விளம்பரத்தைக் கண்டால் செய்கூலியையும் கல் விலையையும் உற்று நோக்குங்கள்.

என் மூத்த சகோதரியின் பழைய மாலையை மாற்றச் சென்றபோது ஒரு கடையில் கண்டது நினைவுக்கு வருகிறது. வாங்கிய நாளில் மணியோடு நிறுத்த மாலையை, மாற்றும் நாளில் மணியைக் கழற்றி, அரக்கை உருக்கி, அழுக்கைக் கழித்து நிறுத்தனர். ஐந்து பவுன் என்று ஆண்டுக்கணக்கில் எண்ணியிருந்தது நான்கினும் சற்றே மிகுந்து நின்றது. சகோதரி ஒன்றும் பேசவில்லை. மணிகளை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

பழைய நகைக்குப் புதிய நகை மாற்றுவதில் மார்க்கத்தின் எச்சரிக்கை மிகக் கடுமையானது. ஆனால் நம்மவர் பலர் அறியாதது. பொன்னுக்குப் பொன் என்றால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்கவேண்டும். பிலால் (ரலி) அவர்கள் உயர்ந்த 'பர்னீ' பேரீச்சம்பழங்களைக் கொணர்ந்தபோது, தரங்குறைந்த இரண்டு படியைக் கொடுத்து ஒரு படி பெற்றதாகக் கூறினார்கள். அது வட்டியே என்று தடுத்த அண்ணலார், முதலில் தம்மிடமுள்ளதை விற்று, அவ்விலைக்கு உயர்ந்ததை வாங்குமாறு வழிகாட்டினார்கள். வேலைப்பாட்டிற்காக எடை மிகுத்துப் பெறுவதும் இதில் அடங்கும் என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. முஆவியா (ரலி) அவர்கள் பொன் அல்லது வெள்ளிக் குவளை ஒன்றை அதன் எடைக்கு மேலாக விற்றபோது, அபுத்தர்தா (ரலி) அவர்கள் ஆட்சேபித்ததும், கலீபா உமர் (ரலி) அவர்கள் அதனைத் தடுத்து எழுதியதும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளன. வேலைப்பாட்டுக்கு விலை உண்டு என்று இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் கூறியதும் உண்டு.

பேணுதலான வழி எளிதே. பழைய நகையை முதலில் விற்று, அதற்குத் தனி இரசீது பெற்று, பணத்தைக் கையிலோ வங்கிக் கணக்கிலோ பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் அதே கடையிலோ வேறு கடையிலோ வாங்குங்கள். இதில் உலக நலனும் உண்டு. பழையதற்கு என்ன விலை போட்டனர் என்பது புதியதன் கணக்கில் மறைந்துபோகாது. பெருந்தொகையை ரொக்கமாகப் பெற்றுக் கடைக்காரர் விற்கவும் இயலாது. 2 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 முதல் தடை உள்ளது.

நகைச் சீட்டிலும் கவனம் வேண்டும். மாதந்தோறும் கட்டும் பணம் கடைக்காரரிடம் உள்ள நம் பணமே. முடிவுநாளில் அன்றைய விலைக்கு நகையை நேரில் பெறுவதற்கும், கட்டும்போதே இத்தனை கிராம் விற்றாயிற்று என்று எழுதிக்கொண்டு பொன்னைப் பின்னர் தருவதற்கும் மார்க்கச் சட்டத்தில் வேறுபாடு உண்டு. பொன்னைப் பணத்துக்கு வாங்குகையில் உடைமை அப்போதே கைமாறவேண்டும் என்பதை 2016-இல் வெளியான பஹ்ரைன் ஆயோஃபி அமைப்பின் பொன் பற்றிய நெறிமுறையும் வற்புறுத்துகிறது. கடனுக்கு வாங்குவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமைக் கேட்டறியுங்கள். உலகக் கணக்கிலும் அச்சம் இல்லாமலில்லை. 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகை நிறுவனம் சென்னை உட்படப் பல ஊர்க் கிளைகளைத் திடீரெனப் பூட்டியபோது, சீட்டுக் கட்டியவர்கள் காவல் நிலைய வாசலில் நின்றனர்.

இறுதியாக ஸக்காத். பொன்னின் வரம்பு 20 தீனார். கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் அடித்த தீனாரின் எடை ஏறத்தாழ 4.25 கிராம், இருபதால் பெருக்கினால் 85 கிராம். ஏழரைத் தோலா என்று கொண்டு 87.48 கிராம் எனக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பெண்கள் அளவோடு அணியும் நகைக்கு ஸக்காத் இல்லை. ஹனஃபீ மத்ஹபில் அணிந்தாலும் உண்டு. கலப்புப் பொன்னிலும் இரு நிலை: ஷாஃபிஈகள் தூய பொன்னின் அளவையே நோக்குவர், பொன் மிகுந்திருந்தால் முழுவதையும் பொன்னாகவே கொள்வர் ஹனஃபீகள். தூய பொன் 85 கிராம் என்றால் 22 காரட் நகையில் அது ஏறத்தாழ 92.8 கிராம், அதாவது 11 பவுனுக்கு மேல் ஏறத்தாழ 5 கிராம். கருகமணியின் மணிகளுக்கும் பதக்கத்தின் கற்களுக்கும் இக்கணக்கில் இடமில்லை. எனவே நிகர எடை எழுதிய அந்த இரசீதை நகைப்பெட்டியிலேயே மடித்து வையுங்கள். ரமளானில் இரண்டரை விழுக்காட்டைக் கணக்கிட அமரும்போது அதுதான் முதலில் கைக்கு வேண்டியிருக்கும்.